லயத்தில் படுக்காத மருதை டிரைவர்

அன்று காலை நான் என் படங்குத் தையல் கடையில் ஒரு லாரித் தார்ப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். டிக்கோயா பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். சும்மா பஸ்ஸை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். மருதை டிரைவர் விடியற்காலையில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றார். நெஞ்சுவலியாம். முந்தின நாள் மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, என் தையல் கோணலாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். கையிலிருந்த சுத்தியலை எங்கே வைத்தேன் என்று அப்புறம் தேட வேண்டியதாயிற்று.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். மருதை தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவர். பிறகு ஹட்டன் டவுனில் குடியேறி, தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ரயில்வே ஸ்டேஷனுக்கு ஏற்றிவரும் லாரியை ஓட்டினார். ஆள் குள்ளம், லாரி வளைவில் திரும்பும்போது தலைப்பாகை மட்டும்தான் வெளியே தெரியும். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று குறை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. சொன்ன குறை சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் எரிச்சல். ஹட்டன் கடைத்தெருவில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவதுபோல அவரும் "நானா" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் முஸ்லிம் பேச்சில் நானா என்றால் அண்ணன்; நான் அவரைவிட இளையவன் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு கூடாரத்தால். ஒரு நாள் கடைக்கு வந்து பழைய படங்குத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டு, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கூடாரம் தைத்துத் தரவேண்டும் என்றார். கூடாரம் போட்டுப் படுப்பதெல்லாம் வெள்ளைக்காரத் தொரைமார் செய்கிற வேலை. வேட்டைக்கா கிளம்புகிறீர்கள் என்று கிண்டல் பண்ணினேன். மற்ற டிரைவர்மாரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. லீவு கிடைக்கும்போது தோட்டங்களில் இருக்கிற கூட்டாளிமாரைப் பார்க்கப் போகவேண்டும், போன இடத்தில் படுக்கவேண்டும், அதற்குத்தான் என்றார். ஏன், கூட்டாளிமார் ஒரு பாய் கொடுக்கமாட்டார்களா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டபின் அந்தக் கூடாரத்துக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

இலங்கை சுதந்திரம் அடைந்த மறு வருஷம் நடந்த சங்கதி அது. மருதைக்குச் சிறு வயது முதல் உயிருக்குயிரான கூட்டாளி முனியாண்டி. அவர் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்துவந்தார். ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் மண் சரிந்து மருதையின் லாரி மாட்டிக்கொண்டது. நல்ல மழை. நனைந்து நடுங்கிக்கொண்டு முனியாண்டியின் லயத்துக் காம்பராவில் போய்ப் படுத்தார். தோட்டத்தில் வெளியாள் ஒருவர் ராத் தங்குவதென்றால், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் முன்கூட்டியே சொல்லித் தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு வாங்கவேண்டும். அந்த மழையில் இருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. முனியாண்டி யாரோ யூனியன் ஆளை ஒளித்து வைத்திருக்கிறார் என்று காவல்காரர் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாளே பத்துச்சீட்டு கொடுத்து முனியாண்டியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மனைவி, கைக்குழந்தை, சட்டி பானையோடு அவர் ரோட்டில் நின்றார். மருதை தொரையின் பங்களா வாசலில் போய்க் கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. முனியாண்டி வலப்பனைப் பக்கம் வேறு தோட்டம் தேடிப் போனார். போகும்போது மருதையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னால ஒரு குடும்பம் ரோட்டுக்கு வந்துருச்சு நானா. இனிமே யாரு லயத்துலயும் நான் தலை சாய்க்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

அப்படியே இருந்தார். கூடாரத்தைப் பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புவார். தோட்டத்து ரோடு தொரைக்குச் சொந்தம், மெயின் ரோடு கவர்மெண்டுக்குச் சொந்தம். ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கான்தான் எல்லை. கானுக்கு இந்தப் பக்கம் கூடாரம் அடிப்பார். கூட்டாளிமார் வேலை விட்டதும் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். மருதை வந்தால் ரோட்டோரம் திருவிழா மாதிரி இருக்கும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு முறை தலவாக்கலையில் கூடாரத்தின் ஒரு முளை கானுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. தோட்டத்து மண்ணில் எப்படி முளை அடிக்கலாம் என்று காவல்காரர் வந்து குதித்தார். மருதை மறுபேச்சு பேசாமல் அதைப் பிடுங்கி இந்தப் பக்கம் அடித்துவிட்டு, ரொட்டி சூடாக இருக்கிறது, உட்காருங்கள் என்றாராம். காவல்காரரும் உட்கார்ந்து தின்றுவிட்டு, சம்பலில் உப்புக் கூட என்று சொல்லிவிட்டுப் போனாராம். தன்னைவிடப் பெரிய குறைக்காரனை அன்றைக்குத்தான் பார்த்ததாக மருதை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை ஊர் சுற்றியவர் வலப்பனைப் பக்கம் மட்டும் போனதில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போன வருஷம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கூடிப் பேசி, தோட்டத்து ஆட்களில் யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று பிரிப்பதாக முடிவு செய்தன. முனியாண்டி இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டார் என்ற செய்தி மருதையின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் என் தையலில் குறை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். கடைசியில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கூடாரத்தின் கயிறுகளை மாற்றித் தரச் சொன்னார். முதலில் தலவாக்கலை, அப்புறம் நுவரெலியா, இறம்பொடை, கடைசியில் வலப்பனை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பார்க்கவேண்டியவர் வலப்பனையில் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டேன்.

"நேரா போறதுக்குத் தைரியம் பத்தலைங்க நானா. அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டா என்ன செய்வேன்? கப்பல் ஏறிட்டான்னா அப்பறம் மன்னிப்புக் கேக்கக்கூட ஆளில்ல."

கயிறு எல்லாவற்றையும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தபின் என் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

மற்ற இடங்களில் எல்லாம் வழக்கம்போல் ஆட்டம் பாட்டம். சிலர் போகப் பெயர் கொடுத்திருந்தார்கள், சிலர் இருக்க. யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை என்றார். பிறகு வலப்பனை. தோட்டத்து வாசலுக்கு எதிரே கூடாரம் அடித்துவிட்டு, கொழுந்தெடுக்கப் போன பெண்களிடம் முனியாண்டிக்குச் சொல்லி அனுப்பினார். அன்று அவர் வரவில்லை. சாயங்காலம் அவருடைய மனைவி ரொட்டி கொண்டுவந்து வைத்து, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் முனியாண்டி வரவில்லை. லயம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அங்கே புகை எழும்புவதைப் பார்த்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த நாள் கூடாரத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் முனியாண்டி கானைத் தாண்டி வந்தார். தொரையைப் பார்க்கப் போகும்போது போடுகிற கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். முனியாண்டிதான் முதலில் பேசினார்.

"தொரை வெளிய போயிருந்தாரு, இன்னைக்கித்தான் வந்தாரு. பெரட்டுல கேட்டு உத்தரவு வாங்கிட்டேன். எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

மருதை பழைய கதையை எடுத்து மன்னிப்புக் கேட்கப் போனார். முனியாண்டி விடவில்லை.

"அன்னைக்கிப் பெரட்டுல சொல்லியிருக்க வேண்டியது நானு. வந்தவன ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. அந்த வெக்கத்துலதான் ஒங்கிட்டப் பேசாம போனேன். இப்பயும் உத்தரவு இல்லாம ஒன்ன ரோட்டுல வச்சு எப்படிடா பாக்க வருவேன்?"

இதைச் சொல்லும்போது மருதை என் முன்னாலேயே அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஒரே குற்றத்தைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷத்தை வீணாக்கியிருக்கிறார்கள்! அன்று மருதை முனியாண்டியின் காம்பராவில் படுத்தார். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்ததுகூடக் கேட்கவில்லையாம், அப்படி ஒரு தூக்கம்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் இருந்த நாளெல்லாம் கலகலப்பாக இருந்தார். என் தையலும் மறுபடி கோணலாகிவிட்டது.

அடக்கத்துக்கு டிரைவர்மார் எல்லோரும் லாரியை நிறுத்திவிட்டு வந்தார்கள். முனியாண்டிக்கும் ஆள் அனுப்பியிருந்தோம். பஸ் மாறி மாறி அவர் வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடிந்திருந்தது. ஒரு பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். கறுப்புக் கோட்டு முழுக்க நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது நுவரெலியாவுக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்று மருதையின் மனைவி லெச்சுமி அம்மா சொன்னார். முனியாண்டி வாசற்படியிலேயே நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நான் இங்க தங்குறதுக்கு யாருகிட்டயாச்சும் உத்தரவு கேக்கணுங்களா?"

டவுனில் வாடகை வீடு அது. கேட்பதற்கு அங்கே தொரையும் இல்லை, காவல்காரரும் இல்லை. லெச்சுமி அம்மா சொன்னார், "யாரையும் கேக்க வேணாம்ண்ணே. உள்ள வாங்க."

மருதை, உங்கள் கூட்டாளி அன்று உங்கள் வீட்டில்தான் படுத்தார். காலையில் டீ குடித்துவிட்டு அவர் பஸ் ஏறும்வரை யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.