வெற்று வரிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிவனேஸ்வரி லண்டன் குரோய்டனில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். கணினியில் எழுத உதவும் எடிட்டர் ஒன்றை அவர்கள் விற்றார்கள். அதற்குக் கட்டளைகள் எழுதுவது எப்படி என்று சொல்லும் கையேட்டைச் சரிபார்ப்பது அவள் வேலை. வெற்று வரிகளை மட்டும் நீக்க வேண்டிய உதாரணக் கட்டளை எல்லா வரிகளையும் அழித்துவிடும் என்று அவள் சொன்னபோது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் மனேஜர்.

அந்த எடிட்டரை டூட்டிங்கிலிருந்த சிநேகிதி லூர்தம்மாவுக்கும் அவளே வாங்கிக் கொடுத்திருந்தாள். பிள்ளைகளை ஈழப் போரில் பறிகொடுத்து லண்டனுக்கு வந்த தாய்மார் அவர்களின் கதையைச் சொல்லச் சொல்ல, லூர்தம்மா அதில் தட்டச்சு செய்து வந்தாள்.

ஒருநாள் லூர்தம்மா போனில் அழைத்தாள்.

"புத்தகத்தில கிடந்தபடிதான் அடிச்சனான். எல்லாம் அழிஞ்சு போச்சு, சிவனேஸ்."

அவளை எச்சரிக்காமல் விட்டது சிவனேஸ்வரியின் நெஞ்சை அறுத்தது. மனேஜரோடு சண்டை பிடித்தாள். ஒவ்வோர் உதாரணத்தையும் தானே ஓட்டிப் பார்த்துத் திருத்தினாள். கையேட்டின் புதிய பதிப்பு வந்ததும் அதை லூர்தம்மாவிடம் கொண்டு போனாள்.

"இனிப் பிழை வராது. திரும்ப அந்தத் தாய்மாரிட்டைக் கேட்டு எழுதலாம்."

"நானும் போய்க் கேட்டனான். ஒரு தாய் செத்துப்போனா. மற்றவை இன்னொருக்காச் சொல்ல ஏலாதெண்டு அழுகினம்."

லூர்தம்மா புத்தகத்தைக் கையால் தொடவேயில்லை.