பத்து மணித் தூக்கம்

ரெட்டியார்பாளையத்தில் நான் டீச்சராக இருந்த டே கேரில், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எத்தனை மணிக்கு மூத்திரம் வர வேண்டும் என்பதை முதலாளியம்மா முடிவு செய்திருந்தார். பத்தேகாலுக்கு. சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த கையோடு ஒரு டைம்டேபிள் போட்டு, கலர் பிரிண்ட் எடுத்து, வாசலில் ஒட்டினார். ஒன்பதுக்கு ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும் பாட்டு. பத்துக்கு நிறங்கள் அறிதல். பன்னிரண்டரைக்குத் தூக்கம். பெற்றோர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், எல்லாரும் படித்தவர்கள். குழந்தைகளுக்குத்தான் படிக்கத் தெரியாது. பத்தேகாலுக்கு முன்னும் பின்னும் நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டைம்டேபிளுக்குக் கொஞ்சமும் அடங்காதவள் இரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அம்மா மீன் விற்பவர். அப்பா கடலுக்குப் போய்விடுவார், வீட்டில் வேறு ஆளில்லை. அதனால் அந்த அம்மா விடியற்காலை நாலு மணிக்கே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு துறைமுகத்து மீன் ஏலத்துக்குப் போவார். எட்டு மணிக்கு எங்களிடம் விட்டுவிட்டுத் தெருத்தெருவாக விற்கக் கிளம்புவார். நாலு மணிக்கு எழுந்தவளுக்குப் பத்து மணிக்குக் கண் சொருகுவதில் என்ன அதிசயம்? சிவப்பு அட்டையைப் பிடித்தபடியே சாய்ந்துவிடுவாள். மற்றவர்கள் படுக்கும் நேரத்தில் தெளிவாக எழுந்து உட்கார்ந்து பாடுவாள்.

முதலாளியம்மா இதையெல்லாம் தன் அறையிலிருந்து கேமராவில் பார்ப்பார். பத்து மணிக்குத் தூங்கினால் முகம் கழுவி எழுப்பச் சொன்னார். மாதக் கடைசிக்குள் பழகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நான் ஏலத்து விஷயத்தை எடுத்துச் சொன்னேன்.

“அப்ப அவங்கள ஆறு மணிக்கு மேல போய் மீன் வாங்கச் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

கடலுக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கலாம். அதை வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்த இடம் போனால் பிள்ளை நாள் முழுக்க வெயிலில் மீன் கூடையோடுதான் அலைய வேண்டும். ஆகவே தினமும் பத்து மணிக்குப் பச்சைத் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவி எழுப்பினேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

ஒரு வாரம் போயிருக்கும். அந்த அம்மா காலையில் வாசலில் தயங்கி நின்றார்.

“வூட்ல மூஞ்சி கழுவ சொம்ப எடுத்தாலே கத்துது டீச்சர். இங்க எதுனா பாத்து பயந்துச்சா?”

புது இடம், போகப்போகச் சரியாகிவிடும் என்றேன். நாக்குக் கூசவில்லை.

“நீங்க இருக்கீங்க, எனக்கு என்னா கவல” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. அன்று பத்து மணிக்கு அவள் சாய்ந்ததும் பாயை விரித்துப் படுக்க வைத்தேன். முதலாளியம்மா ஓடி வந்து எழுப்பச் சொன்னார். முடியாது, இவளை அனுப்புவதானால் என்னையும் சேர்த்தே அனுப்புங்கள் என்றேன். நான் போனால் தரையை யார் துடைப்பது என்று அவருக்கும் தெரியும். பயிற்சியிலேயே கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள் என்று முனகிவிட்டு, பிள்ளை இருக்கட்டும் என்று அறைக்குத் திரும்பினார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில், அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடக் குனிந்தேன். என் விரல் பட்டதும், தூக்கத்திலேயே, இரண்டு கையாலும் முகத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.