பதினோரு பெயர்கள்

சேலையூர் ஃபாயிசாவுக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். விக்டோரியா காலத்து அயர்லாந்துப் பிரபு ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கும் வேலையைப் பதிப்பாளர் கோதண்டபாணி அவளிடம் கொடுத்திருந்தார். ஏழைகளுக்காகப் பாராளுமன்றத்தில் உருகிப் பேசியவர் அந்தப் பிரபு. அவளும் அவரை மெச்சிக்கொண்டே எழுதினாள், ஏழாம் அத்தியாயம் வரை.

பஞ்ச காலத்தில் குத்தகை கட்ட முடியாத நாற்பது குடும்பங்களின் கூரைகளை அவர் பிரித்துப்போடச் சொன்னார். நூல் அதைப் ‘பண்ணைச் சீரமைப்பு’ என்றது. குளிரில் செத்த பதினோரு பேரின் பெயர்கள் அடிக்குறிப்பில் கிடந்தன.

ஊரப்பாக்கத்தில் அவளுடைய அத்தா கட்டிய வீட்டை இடிக்க முன்பு வந்த நோட்டீசிலும் ‘ஏரிச் சீரமைப்பு’ என்றுதான் இருந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்த நாளிலிருந்து பிரபுவின் பெயரைத் தட்டச்சு செய்யவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ‘வீடுகளை இடித்துத் துரத்தினார்’ என்று எழுதி, செத்தவர்களின் பெயர்களையும் அதற்கடுத்த வரியிலேயே சேர்த்து அனுப்பினாள்.

கோதண்டபாணி போனில் கத்தினார். “என்ன மேடம் இது? பிரபு குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கிப் போடுற புக். சீரமைப்புன்னே மாத்துங்க.”

“மாத்த மாட்டேன் சார்.”

“அப்போ வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

“தாராளமா பாருங்க. என் பேர் மட்டும் அதுல வரக்கூடாது.”

வேறொருவர் மொழிபெயர்த்து முடித்த அந்தப் புத்தகத்துக்குத் தாம்பரத்தில் வெளியீட்டு விழா நடந்தது. பிரபுவின் பெருந்தன்மையைப் பேச்சாளர்கள் புகழ்ந்து முடித்ததும் கூட்டத்தில் இருந்த ஃபாயிசா எழுந்து மூல நூலின் அந்த அடிக்குறிப்பை உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

“உட்காருங்க மேடம்!” என்று கோதண்டபாணி அதட்டினார்.

பதினோராவது பெயரையும் வாசித்துவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.