விசா வாத்தியாரின் வயிற்றெரிச்சல்

விசா இண்டர்வியூவுக்கு ஆள் தயார் பண்ணுவது என் தொழில். அதில் உள்ள ஒரே கஷ்டம், தயாரானவர்கள் போய்விடுவார்கள், நாம் இருப்போம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், விசா அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகக் கேள்வி கேட்கிறேன். எனக்கே இரண்டு தடவை விசா மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்புக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியவர்கள் உங்களில் இருந்தால், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நாற்பது ஆடு

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாரிமுத்து என்று ஒருவன் வந்தான். வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் சட்டை நனைந்துவிடும். 'படித்து முடித்ததும் திரும்பி வருவாயா?' என்ற கேள்விக்கு எட்டு வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். என் இரண்டாவது இண்டர்வியூவில் நான் பிழையில்லாமல் ஒப்பித்த அதே எட்டு வரி.

சென்னைத் தூதரகத்தில் கண்ணாடிக் கவுண்டர் முன்னால் நின்றதும் அவனுக்கு எட்டும் மறந்துபோச்சு. "அப்பாவுக்கு நாற்பது ஆடு, நான் வராவிட்டால் யார் மேய்ப்பது?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். அதிகாரி சிரித்துவிட்டு விசா கொடுத்துவிட்டார். அல்வாவோடு வந்து நின்றான். நான் அதைப் பிரிக்காமலே மேஜை ஓரத்தில் தள்ளிவைத்தேன். அவன் சொன்னான்: "சார், நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணுகூட ஞாபகம் வரல. அதான் கிடைச்சிருக்கும் போல."

பெஞ்சில் நடந்த விவாதம்

வெளிநாட்டில் உரிய காகிதம் இல்லாமல் தங்கிய நம்மவர்களை விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிய செய்தி வந்த நேரம். பிள்ளைகளுக்காக இரண்டு அப்பாக்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒருவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. இன்னொருவர் ஓய்வுபெற்ற கிளார்க். கிளார்க்கின் மூத்த மகள் ஏற்கெனவே வெளிநாட்டில், இளையவன் என் வகுப்பில்.

"சட்டம்னா சட்டம்தான் அண்ணாச்சி. அனுமதி இல்லாம ஒருத்தன் வீட்டுக்குள்ள இருந்தா வெளிய தள்ளத்தான் செய்வான்" என்றார் கிளார்க்.

"தள்ளட்டும் வே. விலங்கு எதுக்கு? களவாங்கவா போனான்? வேலை பார்க்கத்தான போனான்?"

"அந்த ஊர்க்காரனுக்கு வேலை வேண்டாமாக்கும்?"

உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பி வந்தவர்கள் படத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. வியாபாரி கடைசியாக, "உம்ம மவளுக்கு விசா முடிஞ்சாலும் இப்படித்தான் பேசுவீரா?" என்று கேட்டார். கிளார்க் செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "முடியுததுக்கு முன்ன வந்துருவா. வரணும்."

உண்மையை எழுது

என்னிடம் படித்துப் போன வாசுதேவநல்லூர் செந்தில் ஒருநாள் மாடி ஏறி வந்தான். மாணவர் விசாவில் அனுமதித்த நேரத்தைவிட அதிகமாக ஓட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறான். பிடித்து, விசாவை ரத்து செய்து, அனுப்பிவிட்டார்கள். அவன் காட்டிய உத்தரவு ஆறு பக்கம். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். என்னை மறுத்தது ஒரே தாளில். இவனுக்காக ஒரு அரசாங்கம் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதியிருக்கிறது.

வேறு நாட்டுக்கு மனு போட வந்திருந்தான். 'எந்த நாடாவது உங்களை வெளியேற்றியதுண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டுவிடலாமா என்றான். உண்மையை எழுது என்றேன். சரியான யோசனைதான், ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவன் கண்டுபிடித்துவிட்டான். "இது எனக்காகச் சொல்லுதீங்களா சார், இல்ல நானும் இங்கனயே கிடக்கணும்னு சொல்லுதீங்களா?"

அடுத்த அறை

உண்மையைத்தான் எழுதினான். மறுத்துவிட்டார்கள். மனசு கேட்காமல், அடுத்த அறையில் வகுப்பு எடு என்று நானே கூப்பிட்டேன். ஒரே மாதத்தில் என் மாணவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். விமான நிலையத்தில் என்ன கேட்பான், குளிரில் எந்தச் சட்டை போடணும், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தால் மாட்டுவோம் என்று எல்லாம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான். சட்டத்தை மீறாதீங்க என்று அவன் சொன்னால் கேட்கிறார்கள். நான் சொன்னால் குறிப்பு எடுக்கிறார்கள்.

அவன் வகுப்புக்கு மாறிப்போன பெண் ஒருத்தியிடம் காரணம் கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க சார். அவரைத் தொரத்தி விட்டாலும், அவரு உள்ளயாவது போயிருக்காரு."

உள்ளே போகாதவனைவிடத் துரத்தப்பட்டவன் மேல் என்று ஒரு பிரிவு எந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்திலும் கிடையாது என்றாலும், என் வயிறு அதைத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வகுப்பு தொடங்கும்போது தவறாமல் எரிந்து அமல்படுத்திவிடுகிறது.