டேமேஜ் பக்கம், குட் பக்கம்

அந்தக் கோடையை நினைத்தால் மண்ணெண்ணெய் வாசனைதான் முதலில் வருகிறது. செஞ்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு தகர டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்து, அது நிறைய மண்ணெண்ணெய் ஊற்றி, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பழைய பிரெஞ்சு சைக்கிளின் உறுப்புகளையெல்லாம் அதில் ஊறப் போட்டிருந்தார் நைனா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வாசனை முற்றத்தோடு நிற்கவில்லை. மோரில் அடித்தது, துவைத்து மடித்த பாவாடையில் அடித்தது, என் கணக்குப் புத்தகத்தில்கூட அடித்தது. அம்மா ஒருநாள் ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு திரியப் போட்டா வெளக்கே எரியும்" என்றாள். அவள் கோபமாகச் சொன்னாளா வேடிக்கையாகச் சொன்னாளா என்று தெரியாததால் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் என் பத்மா அக்கா. ஆசிரியர் பயிற்சியை முடித்திருந்த அவளுக்கு, செஞ்சியிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த அனந்தபுரத்தில் ஆரம்பப் பள்ளி வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். ஆனால் அது பஸ் நேரத்தை விசாரிக்கிற வரைதான் நீடித்தது. காலையில் போவதற்கு வசதியான பஸ் இருந்தது. மாலையில் திரும்புகிற பஸ்ஸோ விளக்கு வைத்த பிறகுதான் செஞ்சிக்கு வந்து சேரும். மற்றவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் என்பார்கள்; பொழுது போய்விட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது.

அதிலும் எங்கள் வீட்டில் பொழுது ஊருக்கு முன்பே போய்விடும். எங்கள் தெருவுக்கு மேற்கே நேராகக் கோட்டை மலை நிற்கிறது. மலை சூரியனை மறைத்துவிட்டாலே பொழுது போனதாகத்தான் கணக்கு என்பது அம்மாவின் சட்டம். இரண்டு தெரு தள்ளி, மலை மறைக்காத வீட்டில் எங்கள் பெரியப்பா நல்ல வெயிலில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருப்பார்; நாங்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்போம். மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்து, சூரியன் மறைந்ததும் கீழே குரல் கொடுப்பது என் வேலை. பத்து வயதில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே அதிகாரம் அதுதான் என்பதால் நான் அதை மிகக் கறாராகச் செய்துவந்தேன்.

"தெனம் ராப்பட்டினி கெடந்து எதுக்குடி வாத்தியாரம்மா ஆவணும்? வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா கையால் எந்தப் பாத்திரமும் சத்தமில்லாமல் கீழே வைக்கப்படவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் நைனா. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்த அவர், நான்கு ஊர் வியாபாரிகளைப் பேச்சில் மடக்குவார். அம்மாவிடம் மட்டும் அது செல்லாது. ஆகவே அவர் பேசவில்லை. சரக்கு விஷயமாகப் புதுச்சேரிக்குப் போனவர், குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறவிருந்த ஒரு வாடிக்கைக்காரர் வீட்டுக் கொல்லையில் கிடந்த சைக்கிளை வாங்கி, பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளி திறப்பதற்குள் அந்தத் துருக்குவியல் ஓட வேண்டும், அதற்குள் அக்கா அதை ஓட்டப் பழக வேண்டும், மலை மறைப்பதற்குள் தினமும் வீடு வந்து சேர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வேலை போச்சு.

கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த துலுக்காணம் அண்ணன்தான் வைத்தியத்துக்கு அழைக்கப்பட்டார். அவர் தெரியாது என்ற சொல்லையே தெரியாதவர். சைக்கிளை மூன்று முறை சுற்றிவந்தார். நடுக்கம்பிக்குப் பதிலாக, கழுத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு மெல்லிய குழாய்கள் சரிந்து இறங்கின. பிரேக்குக்குக் கம்பி இல்லை, ஒயர் இருந்தது. பின்சக்கரத்துக்கு அடியில், ஸ்பிரிங்கோடு இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் தொங்கின. அது கியர் மாற்றுகிற சாதனம் என்று இன்று எனக்குத் தெரியும். துலுக்காணம் அண்ணன் அன்று அதற்கு "தொட்டில்" என்று பெயர் வைத்தார். "செயினு நீளமா பூட்டுது நயினாரே, கம்பெனிக்காரன் தப்பா வெட்டிட்டான். மிச்சத்தத் தாங்கறதுக்கு ஒரு தொட்டில் கட்டி வுட்டுருக்கான்" என்று விளக்கம் சொல்லி, தொட்டில் ஆடாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் அதை இழுத்துக் கட்டினார்.

இது எந்த நாட்டு வண்டி என்பதிலும் தகராறு வந்தது. தபாலாபீசில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இவ்வளவு உறுதியான இரும்பு ஜெர்மனியில்தான் உண்டு என்றார். கழுத்தில் இருந்த பெயர்த்தகட்டைப் படித்து முடிவு செய்யலாம் என்று துலுக்காணம் அண்ணன் உப்புத்தாளை எடுத்தார். துரு போனதும் எழுத்துகள் தெரிந்தன. ஓர் E எழுத்தின் தலைமேல் மட்டும் ஒரு சின்னச் சாய்வுக்கோடு இருந்தது. அதைக் கீறல் என்று எண்ணி, அது மறைகிற வரை பக்தி சிரத்தையோடு தேய்த்துவிட்டு, "இப்ப பாருங்க, கீறலே தெரியல" என்று நிமிர்ந்தார். அது பிரெஞ்சுக்காரன் வண்டி என்று சொல்ல அந்தத் தகட்டில் இருந்த ஒரே அத்தாட்சி, பிரெஞ்சில் E மேல் போடுகிற அந்தக் கோடுதான்.

இவ்வளவையும் துலுக்காணம் அண்ணன் கணக்கில் எழுதினாலும், பெரிய தப்பைச் செய்தவர் எங்கள் நைனாதான். மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்த இரண்டு பெடல்களில் ஒன்றில் D என்றும் மற்றதில் G என்றும் பொறித்திருந்தது. நைனாவின் கிடங்கில் மல்லாட்டை மூட்டைகளைப் பிரித்து வைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு: நல்ல மூட்டைமேல் G, அதாவது "குட்", சொத்தை விழுந்த மூட்டைமேல் D, அதாவது "டேமேஜ்". எத்தனையோ ஆண்டுகளாக அந்த இரண்டு எழுத்தையும் கரிக்கட்டியால் தன் கையாலேயே போட்டுவந்தவருக்கு வேறு எந்த யோசனையும் வரவில்லை. D பெடலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது டேமேஜ் சரக்கு. நல்ல மனுசன், மறைக்காம எழுதிக் குடுத்திருக்கான்" என்றார். துலுக்காணம் அண்ணனும் உடனே ஆமோதித்தார். அந்தப் பெடல் சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப் போய்விட்டது.

உள்ளூர்ப் பெடல் எதுவும் அதன் மரைக்குப் பொருந்தவில்லை. பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு G வாங்கிவர நைனா புதுச்சேரிக்குப் புறப்பட்டார். நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பெரியவரின் சைக்கிள் சாமான் கடையில், நைனா மடியிலிருந்து மாதிரிப் பெடலை எடுத்து வைத்தார்.

"இது ஜோடியாத்தான் வரும். ஒரு D, ஒரு G" என்றார் பெரியவர்.

"D வேணாங்க. டேமேஜ் சரக்கு நான் எடுக்கறதில்ல. ரெண்டும் G-யாவே குடுங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நைனாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசைமேல் எட்டிக் குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தார். "முசியே, உங்களுக்கு ரெண்டு காலும் எடது காலா?" என்று கேட்டார்.

பிரெஞ்சில் D என்றால் துருவாத், வலது. G என்றால் கோஷ், இடது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாள் கரண்டியோடு வந்து நின்று, கரண்டியோடு சிரித்தாள். நைனா மாதிரிப் பெடலை மட்டும் எடுத்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கினார். பஸ் திண்டிவனம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி, "தமிழ்நாட்டுக்கு அனுப்பற வண்டியில தமிழ்ல எழுதியிருக்கலாமில்ல?" என்றார். துலுக்காணத்துக்கு இது தெரிய வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் காலையில் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட இடது காலால் நொண்டிக் காட்டினார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் வலது கைக்கு "டேமேஜ் கை" என்றும் இடது கைக்கு "குட் கை" என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

கதவிடமிருந்து பெடலை மீட்டுப் பூட்டியதும் சைக்கிள் சைக்கிளாகிவிட்டது. வெள்ளோட்டம் பார்க்கத் துலுக்காணம் அண்ணனே ஏறினார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மெலிந்த அந்த வண்டி சத்தமே இல்லாமல் அழகாகப் போனது. அப்போது குறுக்கே ஒரு கன்றுக்குட்டி வந்தது. நம் ஊர் வண்டியில் வலது கை முன்பிரேக், இடது கை பின்பிரேக். விவரமுள்ளவன் எவனும் அவசரத்தில் இடது கையைத்தான் அழுத்துவான். பிரெஞ்சுக்காரன் அதையும் மாற்றி வைத்திருந்தான். அண்ணன் இடது கையை அழுத்தினார். முன்சக்கரம் நின்றது, பின்சக்கரம் எழும்பியது, அண்ணன் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய், தெருவில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் மல்லாட்டைக் குவியலில் தலைகீழாக இறங்கினார். சட்டைக்குள்ளிருந்து மல்லாட்டையை உதறிக்கொண்டே எழுந்தவர், "நயினாரே, பிரேக்குதான் டேமேஜு!" என்று கத்தினார்.

காரணம் தெரிந்ததும் ஒயர்களை மாற்றிப் பூட்ட அவர் ஸ்பேனரை எடுத்தார். அதுவரை வாசலில் நின்ற அக்கா இறங்கி வந்தாள்.

"மாத்தாதீங்கண்ணே. நான் வேற வண்டியே ஓட்டினதில்ல. என் கைக்கு எது மின்னாடி எது பின்னாடின்னு இன்னா தெரியும்? இப்டியே பழகிக்கிறேன்."

அப்படியே பழகினாள். வற்றிக் கிடந்த ஏரிக்குள் விடியற்காலையில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை மிதிக்க, நைனா பின்னாலேயே ஓடி, "டேமேஜ் பக்கம் திருப்பு! குட் பக்கம், குட் பக்கம்!" என்று கத்துவார். ஏரிக்கரைமேல் போகிறவர்கள் நின்று, பெற்ற மகளை இப்படித் திட்டுகிறாரே என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அன்று ஒயரை மாற்ற வேண்டாம் என்றது வெகுளித்தனம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். "கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று அதை ஓசி கேட்டு எடுத்த எங்கள் சித்தப்பாவும், அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேரும் தெருமுனையிலேயே மண்ணைக் கவ்விய பிறகு, அந்த வண்டியை ஊரில் அவளைத் தவிர வேறு யாரும் தொடவில்லை. அவள் சாமர்த்தியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பள்ளி திறந்தது. முதல் நாள் மாலை அம்மா சமையலை முடித்துத் தட்டு வைத்தாள். நான் மாடியில் நின்றேன். சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. தெருவில் அக்கா இல்லை. அன்றைக்குப் போல் அந்த வேலையை நான் என்றுமே வெறுத்ததில்லை. சூரியனின் கடைசி விளிம்பும் உள்ளே போனதும் வேறு வழியில்லாமல், "போயிடுச்சும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அம்மா சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

சற்று நேரம் பொறுத்து அக்கா வந்தாள். வழியில் செயின் தொட்டிலிலிருந்து நழுவியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து மாட்டியிருக்கிறாள். இரண்டு கையும் முழங்கை வரை செயினின் கறுப்பு மை. வாசற்படியில் நின்று, "ரோட்டுல இன்னும் வெயில் இருக்குதும்மா" என்றாள். நைனா தரையைப் பார்த்தார். இதோ அம்மா வேலையை விடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து, தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். தட்டை ஏந்திக்கொண்டு எங்களைத் தாண்டித் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். ஒன்றும் புரியாமல் நாங்கள் பின்னால் ஓடினோம். தெருவைக் கடந்து, கடைசி வீட்டையும் கடந்து, மலை முடிகிற இடத்தில் ரோட்டோரமாக நின்றாள். அங்கே சூரியன் ஒரு முழ உயரத்தில், செக்கச்செவேலென்று முகத்திலேயே அடித்தது.

"வாயத் தெற" என்றாள் அம்மா.

மை பட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அக்கா வாயைத் திறந்தாள். அம்மா ஒரு கண்ணைச் சூரியன்மேல் வைத்துக்கொண்டு, விழுங்குவதற்குள் அடுத்த கவளத்தை ஊட்டினாள். சந்தையிலிருந்து திரும்பிய மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, புது டீச்சரம்மா ரோட்டில் சோறு வாங்குவதைப் பார்த்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த துலுக்காணம் அண்ணன், தொட்டிலை நாளைக்கே கழற்றிவிடலாம் என்று ஆரம்பித்தார். "நீ செத்த சும்மா இரு, புள்ள சாப்டட்டும்" என்று அம்மா அதட்டினாள். வேலையை விடுகிற பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவே இல்லை. அக்காவுக்குத் தாமதமாகிற நாட்களில் அம்மா தட்டோடு அதே இடத்தில் நிற்பாள்.

அந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கிறது. சைக்கிள் எப்போதோ பழைய இரும்போடு போனது. பழைய பிரெஞ்சு வண்டிகளைத் தேடிப் பிடித்துச் சீர்செய்கிற இளைஞர் ஒருவர் சமீபத்தில் எங்களிடம் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, இதையா இரும்புக்குப் போட்டீர்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். துலுக்காணம் அண்ணன் இல்லை, நைனா இல்லை, அம்மாவும் இல்லை. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அக்கா, சென்னையில் நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஓர் அடுக்ககத்தில் மகனோடு இருக்கிறாள். அங்கே பொழுது போவதைக் கைபேசிதான் சொல்கிறது. பேத்தி கம்பெனி வேலைக்குப் போகிறாள். யாரும் வற்புறுத்தாமலே, பொழுது போனால் சாப்பிடாத அந்தப் பழக்கத்தையும் விடாமல் வைத்திருக்கிறாள். போன மாதம் ஒருநாள் போக்குவரத்து நெரிசலில் சிக்கி, நேரம் தப்பி வீடு வந்திருக்கிறாள். அக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"கொழந்த மொகத்தப் பாத்துட்டு, தட்ட எடுத்துக்கினு லிஃப்ட் வரைக்கும் போயிட்டேன்டி. எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரியல."