பன்வில ஏற்றமும் ஐந்து சிவப்புத் துணிகளும்

என் பத்தாவது வயதில், உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். சாச்சாவின் மகள். வாப்பாவின் ஒரே தம்பிதான் சாச்சா. அவருடைய மகள் என்னைவிட வெறும் நாற்பது நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்காக நான் அவளைத் தாத்தா என்று கூப்பிட வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களிடம் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உம்மா தலையில் குட்டுவார்.

சாச்சா எட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர் வந்து இறங்கியபோது அவளுக்குக் குதிகாலில் லைட் எரிகிற சப்பாத்து வந்தது. எனக்கு ஒரு வாசனைச் சவர்க்காரம் வந்தது. அவள் நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவளோ வேண்டுமென்று இருட்டான இடமாகப் பார்த்து நடப்பாள். அப்படித்தான் நான் நம்பினேன்.

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அது எங்கள் ஜீப். வத்தேகமையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று வருடமாக ஓடாமல் நின்றது. ஒரு காலத்தில் வாப்பா அதில்தான் மலைத் தோட்டங்களுக்குப் போய் மிளகும் கராம்பும் வாங்கி வருவார். அதன் எஞ்சின் பெற்றோலைத் தண்ணீராய்க் குடித்தது. பிறகு அதுவும் முடியாமல் இருமி இருமி ஒருநாள் நின்றது. பூசணிக் கொடி முன்சில்லில் ஏறிக் கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டது. அந்த முன்சீட்டுத்தான் என் வீடு. நான் விரும்பினால் அவளைப் பின்னால் ஏற்றுவேன், விரும்பாவிட்டால் மாட்டேன். பெரும்பாலும் விரும்பமாட்டேன்.

டீசல் எஞ்சின் ஒன்றைப் போட்டால் என்ன என்று வாப்பாவிடம் கேட்காத ஆளில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான். இந்த ஜீப்புக்கு வேறு எஞ்சின் சரிவராது, கியர்ப்பெட்டியோடு பொருந்தாது. இதை அவர் மார்க்கத் தீர்ப்புச் சொல்வதுபோலச் சொல்வார். ஒருநாள் சாப்பாட்டுச் சஹனை, அந்தப் பெரிய பொதுத் தட்டை, சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சாச்சாவிடமும் சொன்னார்.

"ஏன் நானா சரிவராது? நான் போட்டுக் காட்டுறேன்" என்றார் சாச்சா. அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"போட்டா மட்டும் போதாது தம்பி. ஆக்கள ஏத்திட்டு, எங்கயும் நிக்காம பன்வில ஏற்றத்த ஏறிக் காட்டுங்க. வண்டிய ஒங்கட பேருக்கே எழுதித் தாரேன்."

வாப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சோற்றை விழுங்காமல் இருந்தேன். என் முன்சீட்டை வைத்தல்லவா பந்தயம் கட்டுகிறார்! எதிரே அவள் எலும்பைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மறு வாரமே லொறியில் எஞ்சின் வந்தது, ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து கழற்றியது. கூடவே ஒரு பாஸும் வந்தார். மெக்கானிக்குகளை நாங்கள் பாஸ் என்றுதான் சொல்வோம். சிங்கள மனிதர், மெல்லிய உடம்பு, காதில் பென்சில். பலா மரக் கிளையில் சங்கிலி கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஜீப்பின் மூஞ்சிக்குள் பெரிய பள்ளம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

வாப்பா ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். உதவி செய்யவில்லை. குறைதான் சொன்னார். கியர்ப்பெட்டியோடு பொருந்தாது என்றார். பாஸ் அட்டையில் அளவு வெட்டி, லேத் கடையில் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டுக் கடைந்து வந்தார். பொருந்தியது. எண்ணெய்த் தட்டு முன் அச்சில் இடிக்கும் என்றார் வாப்பா. இடிக்கத்தான் செய்தது. பாஸ் அதை வெட்டி, ஒரு பக்கம் ஒடுக்கி ஒட்டினார். ரேடியேட்டருக்கு இடமில்லை என்றார். அதுவும் நான்கு விரல் முன்னால் நகர்ந்தது. ஒவ்வொரு குறையும் தீரத் தீர வாப்பாவின் கதிரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. கடைசி வாரம் அவர் வாசற்படியில் இருந்தார். வாப்பாவுக்கும் என்னைப்போல ஜீப்மேல் பாசம், அதுதான் முகம் இப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சினில் திறந்திருக்கிற ஒவ்வொரு வாயையும் அவர் துணியால் அடைத்துவைப்பார். ஒரு சுரை, போல்ட்டில் முடுக்குகிற சின்ன நட்டு, உள்ளே விழுந்தால் எஞ்சின் போச்சு. அதற்கென்றே சிவப்புத் துணி வைத்திருந்தார், கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று. அடைக்கும்போது எண்ணுவார், எடுக்கும்போதும் எண்ணுவார். எக்காய், தெக்காய், துனாய், ஹதராய், பஹாய். ஐந்து உள்ளே போனால் ஐந்து வெளியே வரவேண்டும். நானும் அவரோடு சேர்ந்து எண்ணிச் சிங்களத்தில் ஐந்து வரை தேறிவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் எல்லா வேலையும் முடிந்து, காற்று வடிகட்டிப் பெட்டி மட்டும் பாக்கி. அதை இறுக்கும் பட்டி வாங்கப் பாஸ் கண்டிக்குப் போனார். மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும், பன்விலையில் இருக்கிற மாமி வீட்டுக்கு எல்லோரும் ஜீப்பில் போவதென்று ஏற்பாடு. மாமி என்றால் வாப்பாவின் தங்கை. பந்தயம் அன்றைக்குத்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் யாருமில்லை. காற்று போகிற குழாயின் வாயில் சிவப்புத் துணி இருந்தது. நான் அதை எடுத்தேன். என் பழைய பச்சைத் துப்பட்டாவிலிருந்து கிழித்த துண்டைச் சுருட்டி, கையை முழங்கை வரை விட்டு உள்ளே திணித்தேன். மேலே சிவப்பைத் திரும்ப வைத்தேன். பாஸ் ஐந்து எண்ணுவார், ஐந்தும் சரியாக இருக்கும். ஆறாவது இருக்கிறதென்று யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குள் வந்தால் அவள் மருதோன்றிக் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

"வாங்க தங்கச்சி, முதல்ல ஒங்களுக்குப் போட்டுவிடுறேன்" என்றாள்.

என் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கை ஒரு பக்கம் கடித்தபடி பூப்பூவாகப் போட்டாள். தன் கைக்கு இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நான் போட்டால் அப்பிவைப்பேன், இவள் என்ன அழகாகப் போடுகிறாள் என்று அதற்கும் எரிச்சல் வந்தது. வலது கையை நீட்டச் சொன்னாள். அந்தக் கையில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே ஓடினேன். கிணற்றடிக்குப் போகவில்லை. இடது கை மருதோன்றி கலைந்துவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பச்சைத் துணியை வெளியே இழுத்தேன். சிவப்பைத் திரும்ப அடைத்தேன். பச்சையை வேலிக்கு அப்பால் எறிந்தேன். திருந்தியெல்லாம் போகவில்லை. தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் பாஸ் வந்து ஐந்து துணிகளையும் எண்ணி எடுத்தார். பெட்டியைப் பூட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஜீப் உறுமியது. சாச்சா அதைச் சந்தை வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார், சமதரையில் ஒரு குறையுமில்லை. உம்மாகூட மாஷா அல்லாஹ் என்றார். வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

பெருநாள் காலை. சாச்சா ஓட்ட, பக்கத்தில் வாப்பா. பின்னால் உம்மா, சாச்சி, நான், அவள், உம்மாவின் மடியில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பச் சட்டி. பாஸையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள், அவர் பின்படியில் தொற்றிக்கொண்டு வந்தார். டவுன் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜீப் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து கறுப்புப் புகை எழுந்தது. மூன்றாவதில் குலுங்கியது, இருமியது, நின்றது. சாச்சா கைபிரேக்கை இழுத்தார். பாஸ் குதித்து ஓடிச் சில்லுக்குக் கல் வைத்தார்.

"நான் அண்டைக்கே சென்னேன்தானே" என்றார் வாப்பா. இவ்வளவு பெரிய வெற்றியை அவர் ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பச்சைத் துணிதான் ஞாபகம் வந்தது. துணியை முழுதாகத்தான் எடுத்தேனா? ஒரு துண்டு உள்ளேயே அறுந்து நின்றுவிட்டதா? பாஸ் மூடியைத் திறந்து, வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி, குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தார். துணி வந்தது. பச்சை இல்லை. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட, ஆம்பிளைகள் இடுப்பில் உடுத்துகிற சாரன் துணி.

"என்ட துணி எல்லாம் செவப்பு மாத்தயா. அஞ்சி வச்சேன், அஞ்சி எடுத்தேன்." என்றார் பாஸ். இருபது வருடத் தொழிலில் அவர்மேல் யாரும் குறை சொன்னதில்லையாம்.

சாச்சா அந்தத் துணியை வாங்கினார். விரித்துப் பார்த்தார். கைலேஞ்சியை மடிப்பதுபோல நான்காக மடித்து ஜுப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒங்கள்ல குத்தமில்ல பாஸ். வேல செய்யக்குள்ள காத்துக்கு எங்கயோ பறந்து வந்து உழுந்தீக்கும். பூட்டுங்க, போவோம்."

வாப்பா இறங்கவேயில்லை. எதிர்ப்பக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அல்ஹம்துலில்லாஹ், பச்சை இல்லை! அந்தச் சந்தோஷத்தில் நீலம் யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. அதன்பிறகு ஜீப் ஒரே மூச்சில் பன்வில வரைக்கும் ஏறியது.

சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் பரிமாறும்போது மாமி வீட்டு மச்சான்மார் பந்தயத்தைப் பற்றிக் கேட்டார்கள். சாச்சா கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார். "நிக்காம ஏறினாத்தானே பேச்சு? நடுவழியில நிண்டுட்டே. நான் தோத்திட்டேன். வண்டி நானாக்குத்தான். எஞ்சின் என்ட பெருநாள் ஹதியா."

இப்படியும் ஒரு அன்பளிப்பா என்று எல்லோரும் அவர் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். வாப்பாவின் வட்டிலப்பம் அப்படியே இருந்தது. எனக்கு அதையெல்லாம் பார்க்க ஏது நேரம்? வீட்டுக்குப் பின்னால் ஓடி அவளைப் பிடித்தேன்.

"தோத்திட்டீங்க! தோத்திட்டீங்க! முன்சீட் எனக்கு! ஒங்கட வாப்பா தோத்திட்டார்!"

அவளுக்குக் கண் நிறைந்தது. எனக்குப் போதாமல் இன்னொரு தரம் சொன்னேன். அப்போதுதான் கன்னத்தில் அறை விழுந்தது. வாப்பா. என்னை அவர் அதுவரை அடித்ததில்லை, பிறகும் அடித்ததில்லை.

அந்த நீலச் சாரன் யாருடையது என்பது கொஞ்ச நாளில் உம்மாவின் வாயால் வெளியே வந்தது. வாப்பாவின் நல்ல சாரனில் ஒரு முழம் காணவில்லையாம், அவருடைய குடையின் முனையெல்லாம் எஞ்சின் கிரீஸாம். எலி கடித்திருக்கும் என்றார் வாப்பா. கிரீஸ் பூசுகிற எலியா என்று கேட்டுவிட்டு உம்மா வேலையைப் பார்க்கப் போனார். நானும் விளையாடப் போனேன். வாப்பாவும் ஒருத்தர்மேல் வயிறெரியலாம், அதுவும் சொந்தத் தம்பிமேல் எரியலாம் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. அந்த ஜீப்பைப் பிறகு பன்னிரண்டு வருடம் அவர் ஓட்டினார். எஞ்சின் நல்லா ஈக்கி என்று யாராவது சொன்னால் போதும், தம்பி போட்டது என்று உடனே சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை. முன்சீட்டில் நான் ஏறப்போனால், தாத்தாவை முதலில் ஏற்று என்பார்.

ஆனால் மாமி வீட்டுப் பின்புறத்தில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. வாப்பாவுக்குப் பச்சைத் துணி விஷயம் தெரிந்துவிட்டது! தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் துணி வச்சது உண்மைதான் வாப்பா. பச்சத் துணி. ஆனா தாத்தா மருதோண்டி போட்டுவிட்ட நேரம் எடுத்திட்டேன் வாப்பா. அல்லா மேல ஆண, வெளிய எடுத்திட்டேன்."

வாப்பா என்னைப் பார்த்தார். அடித்த கையைப் பார்த்தார். பிறகு தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் உட்கார்ந்து, அந்தக் கையைக் கழுவிக்கொண்டேயிருந்தார். தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. உள்ளேயிருந்து சாச்சா இரண்டு தரம் நானா, நானா என்று கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. என்னை மன்னித்துவிட்டார்போல என்று நினைத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிச்ச வட்டிலப்பம் சாப்பிட நான் உள்ளே ஓடினேன்.