பிளாட்டினம் எங்கம்மா போச்சு?

சில வருடங்களுக்கு முன், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நடந்தது இது. பிளாட்டினத்தைத் தனித்தனி அணுக்களாக ஒரு வெள்ளைத் தூளின்மேல் ஒட்டவைத்து வினையூக்கி செய்வது என் வேலை. துளி உலோகம் போதும். அந்தத் துளியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

புதிதாகச் செய்த தூளில் கொஞ்சத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மேற்பரப்பில் பிளாட்டினம் நன்றாகவே தெரிந்தது. மீதியை உலையில் வைத்து, சூட்டில் ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் செலுத்தி வினையை நடத்திவிட்டு மறுபடி அனுப்பினேன். இந்த முறை பிளாட்டினம் இருந்த சுவடே இல்லை.

பேராசிரியர் அறிக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிளாட்டினம் எங்கம்மா போச்சு? அதுக்குக் காலா முளைச்சிருக்கு?”

காட்டுவதற்குக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்துவிட்டு, மீதிக்கான பிளாட்டினத்தை நான் அமுக்கிக்கொண்டேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அன்று சாயங்காலமே பிளாட்டினம் வைத்திருந்த பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. திருடி என்று பெயர் வாங்கியவளுக்கு யார் முனைவர் பட்டம் கொடுப்பார்கள்? பக்கத்து மேசைக்காரி குப்பியை மாற்றியிருப்பாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என்மேலேயே சந்தேகம். உண்மையிலேயே எல்லாத் தூளிலும் சேர்த்தேனா?

வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சீனியர் அக்காதான் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏட்டி, எதுக்கு அழுத? அது எங்கயும் போயிருக்காது. ஹைட்ரஜன் சூட்டுல அந்த வெள்ளைத் தூளே பைய மேல ஏறி மூடியிருக்கும். அந்தச் சோதனைல மேல உள்ளதுதான் தெரியும். காத்துல வச்சு சூடு பண்ணுனா விலகிரும். சாரையே செய்யச் சொல்லு, நீ தொடாத.”

அப்படியே சாரிடம் கேட்டேன். அவரும் சளைக்கவில்லை. என்னை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, தானே சூடாக்கி, குப்பிக்கு சீல் வைத்து, தானே கூரியரில் போட்டார்.

முடிவு வந்தது. பிளாட்டினம் மறுபடி தெரிந்தது.

“அட, இங்கனதான் இருந்திருக்கு!” என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். அவருக்கு அது கண்டுபிடிப்பு. எனக்கோ போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

இன்று நானும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். ஒத்துவராத முடிவோடு யாராவது வந்து நின்றால், உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. அது முகத்தில் தெரிவதற்குள் குனிந்து தூளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.